பச்சைப் பிள்ளையின் மூளையும் தூக்க மருந்தும்



விடியுமுன் பெரட்டுக்குப் போகவேண்டும், ராத்திரி முழுக்கப் பிள்ளை அழுகிறது. என்ன செய்கிறோம்? சளி மருந்தில் அரைக் கரண்டி ஊற்றிவிடுகிறோம். பெரியவர்களைத் தூங்க வைப்பது, கொஞ்சமாகக் கொடுத்தால் பிள்ளையையும் தூங்க வைக்கும் என்ற நினைப்பு. அது தப்பு. சற்றுப் பொறுமையாகப் படியுங்கள்.

மூளையில் 'காபா' என்று ஒரு பொருள் இருக்கிறது. பெரியவர்களுக்கு அது பிரேக் மாதிரி. ஆப்பரேஷனுக்குக் கொடுக்கும் மயக்க மருந்துகள் பலவும் அந்தப் பிரேக்கைத்தான் அமுக்குகின்றன. ஆனால், பிறந்து சில நாளே ஆன எலிக்குஞ்சின் மூளை அணுக்களுக்குள் குளோரைட் என்ற உப்புச்சத்து அதிகம். அதனால் அதே காபா அங்கே மூளையை அடக்காமல் கிளப்பிவிடுகிறது. செவோபுளூரேன் என்ற மயக்க வாயுவைக் கொடுத்துப் பார்த்தார்கள். மயங்கிக் கிடந்த குஞ்சுகளின் மூளையில் வலிப்பு அலைகள் ஓடின! புமெட்டனைட் என்ற, நீர் பிரியக் கொடுக்கும் மருந்தை முன்னாடியே போட்டபோது அந்த அலைகள் குறைந்தன.

அதை நம் பிள்ளைக்கும் போடலாமே என்பீர்கள். ஐரோப்பாவில் வலிப்பு கண்ட பச்சைக் குழந்தைகளுக்குப் போட்டும் பார்த்தார்கள். வலிப்புக்குப் பலன் தெரியவில்லை, சில குழந்தைகளுக்குக் காது கேட்பது கெட்டது. சோதனையைப் பாதியில் நிறுத்தி, 2015-இல் முடிவை வெளியிட்டார்கள். எலிக்குச் சரிப்பட்டதே பிள்ளைக்குச் சரிப்படவில்லை. பெரியவர்களின் மருந்து மட்டும் எப்படிச் சரிப்படும்?

சளி மருந்து காபா வழியாக வேலை செய்வதில்லை, அது வேறு வகை. ஆனாலும் ஆபத்துதான். தூக்கம் வரவைக்கும் புரோமெத்தசின், சிறு பிள்ளையின் மூச்சையே அடக்கிவிடலாம். இரண்டு வயதுக்குக் கீழே கொடுக்கவே கூடாது என்று 2004-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை கடுமையாக எச்சரித்தது.

இதைப் படித்துவிட்டு, குடலிறக்க ஆப்பரேஷன் வேண்டாமென்று ஆஸ்பத்திரியிலிருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். அது பெரிய முட்டாள்தனம். அந்த ஆப்பரேஷன் செய்த 700-க்கும் மேற்பட்ட கைக்குழந்தைகளைப் பல நாட்டு டாக்டர்கள் ஐந்து வயதுவரை கவனித்தார்கள். ஒரு மணி நேரத்துக்கும் குறைவாகச் செவோபுளூரேன் மயக்கத்தில் இருந்த பிள்ளைகளுக்கும், முதுகில் ஊசி போட்டு விழிப்பாகவே வைத்துச் செய்த பிள்ளைகளுக்கும் அறிவில் வித்தியாசமில்லை என்று 2019-இல் அறிவித்தார்கள். ஆஸ்பத்திரியில் மூச்சையும் நாடியையும் பார்க்கப் பக்கத்திலேயே ஆள் இருக்கிறது. லயத்தில் நடுராத்திரியில் யார் பார்ப்பது?

அசந்துபோன தாயைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் பிள்ளை ஓயாமல் அழுதால் காய்ச்சலா, காது வலியா, வயிறு உப்பியிருக்கிறதா என்று பாருங்கள். கிளினிக்குக்குக் கொண்டு வாருங்கள். ஏதாவது ஊற்றியிருந்தால் அந்தப் பாட்டிலையும் எடுத்து வாருங்கள். ஏசமாட்டேன்.