திண்ணைப் பேச்சு: பீர் நாட்டில் ஓர் அறை

தேனாம்பேட்டையில் பிறந்து, ஜெர்மனியின் மியூனிக் நகரில் பொறியாளராகப் பணிபுரியும் என் தங்கை மகன் சென்ற மாதம் விடுமுறைக்கு வந்திருந்தான்.

"மாமா, அங்கே பீரை மது என்று சொன்னால் சிரிப்பார்கள். பவேரிய மக்களுக்கு அது 'திரவ ரொட்டி'!" என்று தொடங்கினான்.

வாற்கோதுமை, ஹாப் பூ, தண்ணீர் ஆகிய மூன்றைத் தவிர வேறெதுவும் பீரில் சேரலாகாது என்று பவேரியப் பிரபுக்கள் 1516-லேயே சட்டம் இயற்றினராம். 16 வயது நிரம்பினால் பீர் வாங்கலாம். கடுமையான மதுவகைகளுக்கோ 18 வயதாக வேண்டும். பவோலா புனித பிரான்சிஸ் சபைத் துறவியர் முற்காலத்தில் தவக்காலத்துக்கென்றே சத்துமிக்க பீர் காய்ச்சினர். திரவம் நோன்பை முறிக்காது என்பது அவர்கள் கணக்கு!

"வேளாங்கண்ணி சென்றால் நாம் எண்ணெய் கொண்டு வருகிறோம். ஆண்டெக்ஸ் மலைத் திருத்தலத்திலோ ஆசீர்வாதப்பர் சபை மடமே பீர் காய்ச்சுகிறது. செபித்து முடித்த திருப்பயணிகள் ஒரு லிட்டர் கோப்பையோடு அமர்ந்துவிடுகிறார்கள்" என்றான்.

நாங்கள் சிரித்தோம். தங்கை மட்டும் சிரிக்கவில்லை. குடியால் கணவனை இழந்தவள் அவள்.

"பங்குத் திருவிழாவில் நீ என்ன குடித்தாய்?" என்று கேட்டாள்.

"ஆப்பிள் சாறு, அம்மா. ஏனென்று எவரும் கேட்கவில்லை."

பின்னர் அவன் குரல் தாழ்ந்தது. "அங்கும் குடியால் சிதைந்த குடும்பங்கள் உண்டு. அவர்களுக்காக 1896-இல் ஆகென் நகரில் யோசேப் நொய்மான் என்னும் குரு 'கிராய்ட்ஸ்புண்ட்' என்ற சங்கத்தைத் தொடங்கினார். குடிக்கு அடிமையானவரும் அவர்தம் குடும்பத்தாரும் சேர்ந்தமர்ந்து பேசுகிறார்கள். எங்கள் பங்கிலும் அக்குழு கூடுகிறது. திருவிழாவன்று வெளியே பீர்ப் பீப்பாய் நிற்கும் அதே மன்றத்தில்தான் அவர்களுக்கும் ஓர் அறை."

"அண்ணா, அவருக்கும் அப்படி ஓர் அறை இருந்திருந்தால்..." என்றாள் தங்கை.

எனக்குச் சுருக்கென்றது. அறை இல்லாமலில்லை. குடியிலிருந்து மீள விரும்புவோரின் 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' குழுக்கள் நம் சென்னையிலும் கூடுகின்றன. 'அவருக்கு வயிற்றுவலி' என்று ஊருக்குச் சொல்லி நோயை மறைத்தவர்கள் நாங்கள்தாம். குடும்ப மானம் என்ற பெயரால் கதவைச் சாத்தினோம். அவர் அதற்குள்ளேயே மடிந்தார்.

அன்பார்ந்த வாசகர்களே, ஜெர்மானியரின் கோப்பை நமக்கு வேண்டாம். வெட்கத்தை வெளியே விட்டு நுழையக்கூடிய அந்த அறை வேண்டும். உங்கள் வீட்டில் எவருக்கேனும் 'வயிற்றுவலி' இருப்பின், இன்றே கதவைத் திறவுங்கள்.