அக்கினிமுகனை மேசைக்கு அழைப்போம்!



பத்துமலை அடிவாரத்தில் 2006ஆம் ஆண்டு முதல் 42.7 மீட்டர் உயரத்தில் முருகப்பெருமான் நிற்கிறார். கையிலே வேல், பின்னாலே 272 படிகள். கிள்ளான் பள்ளத்தாக்கில் இக்காட்சியை அறியாத தமிழ்ப்பிள்ளை அரிது. ஆனால், அந்த வேல் யாரை எதிர்த்து எழுந்தது என்று கேட்டுப் பாருங்கள். 'சூரன்' என்ற ஒற்றைச் சொல்லோடு பெரும்பாலும் விடை நின்றுவிடும். அவன் எத்தகையவன்? ஏன் வெல்லற்கு அரியவன்? அவன் பக்கம் நின்றோர் யாவர்? இவற்றுக்கு விடை வருவதில்லை. பகையின் வலிமையை அறியாத பிள்ளைக்கு வெற்றியின் அருமையும் விளங்காது.

இக்குறையைத் தீர்க்க ஒரு விளையாட்டைப் பரிந்துரைக்க விழைகிறேன். வேடமேற்று ஆடும் மேசை விளையாட்டு என்று அதனைச் சொல்லலாம். நான்கைந்து பேர் மேசையைச் சுற்றி அமர்வர். ஒவ்வொருவரும் ஒரு வீரனாகவோ வீராங்கனையாகவோ பேசுவர். ஒருவர் மட்டும் நடத்துநர். ஊரும் காடும் பகைவனும் அவர் வாய்மொழியிலேயே உருப்பெறும். எடுத்த முயற்சி பலித்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். 1974ஆம் ஆண்டு அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் இருவரும் வெளியிட்ட 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' இவ்வகை ஆட்டங்களுக்குத் தாய்.

அந்த ஆட்டத்தில் 'பேலர்' என்றொரு தீயரக்கன் உண்டு. 2014ஆம் ஆண்டுப் பதிப்பில் அவனுக்கு 262 உயிர்ப்புள்ளிகள். 5 அடிக்குள் நிற்போரை அவன் மேனித் தழலே சுடும். தொலைவில் நிற்பவரைச் சவுக்கால் சுற்றி இழுப்பான். மடியும் நொடியில் வெடித்து, 30 அடிக்குள் இருப்போரை எரிப்பான். அவனை வீழ்த்துவது மட்டும் போதாது. வீழ்த்தும்போது நாம் எங்கே நிற்கிறோம் என்பதையும் எண்ண வேண்டும்!

'அரக்கனா? பிள்ளைகள் கெட்டுப்போக மாட்டார்களா?' என்று பெற்றோர் சிலர் கேட்கக்கூடும். இவ்வச்சம் புதிதன்று. 1980களில் அமெரிக்காவில் இந்த ஆட்டத்திற்கு எதிராகப் பெரும் கூச்சல் எழுந்தது. 1983இல் அதனை எதிர்ப்பதற்கென்றே ஓர் அமைப்பும் தோன்றியது. 1989ஆம் ஆண்டுப் பதிப்பில் பேய்களைக் குறிக்கும் சொற்களையே நீக்கி வேறு பெயர் சூட்டினர். 2000ஆம் ஆண்டுப் பதிப்பில் அச்சொற்கள் திரும்பி வந்தன.

நம் மரபோ அசுரனை ஒளித்து வைத்ததே இல்லை. கந்தசஷ்டியின் ஆறாம் நாளில் அவனைக் கோவில் வாசலுக்கே கொண்டுவந்து நிறுத்துகிறோம். திருச்செந்தூரில் யானைமுகம், சிங்கமுகம், சூரனின் சொந்த முகம், மாமரம் என்று ஒன்றன்பின் ஒன்றாக உரு மாறுகிறது. தந்தையின் தோளில் அமர்ந்து குழந்தைகள் அதனைப் பார்க்கிறார்கள். யாரும் கெட்டுப்போகவில்லை.

அப்படியானால் நம் மேசைக்கு எந்த அசுரனை அழைப்பது? சூரபன்மன் வேண்டாம் என்பேன். அவன் முடிவு முருகனின் வேலுக்கு உரியது, பகடைக்கு உரியதன்று. அவன் மகன் அக்கினிமுகன் இருக்கிறான். கந்தபுராணப் போரில் வீரவாகுவிடம் மடிந்தவன். பெயரிலேயே தீயை உடையவன். அவனுக்கு வேண்டிய தழல் ஆற்றல்களை ஆட்டத்திற்காக நாமே வகுத்துக் கொள்ளலாம். மாணவர்கள் வீரவாகுவின் படைவீரர்களாகட்டும். பிற சமயத்துப் பிள்ளைகள் வகுப்பில் இருந்தால் புராணப் பெயரை விட்டுவிட்டுத் தீயரக்கன் என்றே ஆடலாம். ஆட்டத்தின் பயன் குறையாது.

இனி, அவனை எப்படி ஆட்டுவிப்பது? என் கருத்தில் நான்கு நெறிகள் இன்றியமையாதவை.

1. அவன் வருமுன் அவன் வெம்மை வரட்டும். கருகிய தென்னந்தோப்பு, வற்றிய கிணறு, கையில் பிடிக்க முடியாதபடி சுடும் வாட்பிடி. இவற்றைக் கண்ட பிள்ளை கேள்வி கேட்கத் தொடங்குவான். கேட்பவனுக்கு உண்மையான விடை கிடைக்க வேண்டும். இறக்கும்போது அவன் வெடிப்பான் என்றால், அதற்கான குறிப்பு முன்பே எங்கேனும் கிடைத்திருக்க வேண்டும். குறிப்பே தராமல் வெடிக்க வைப்பது வஞ்சகம். பாடம் நடத்தாமல் சோதனை வைப்பதற்கு ஒப்பானது.

2. அவனுக்கு மனம் இருக்கட்டும். கந்தபுராணத்து அசுரர் அனைவரும் ஒரே அச்சில் வார்த்தவர் அல்லர். தேவர்களைச் சிறைவிடும்படி அண்ணனுக்கு அறிவுரை சொன்னவன் சிங்கமுகன். அண்ணன் கேளாதபோதும் அவனுக்காகவே போரிட்டு மடிந்தான். முருகனும் சூரன்மேல் எடுத்தவுடன் வேலை விடவில்லை. முதலில் வீரவாகுவைத் தூது அனுப்பினான். ஆகவே, நம் அக்கினிமுகனும் பேச வேண்டும். தந்தைக்காக நிற்கும் மகன் அவன். அவனோடு வாதிட நினைக்கும் மாணவனுக்கு வழிவிடுங்கள்.

3. நிலை மாறட்டும். உயிர்ப்புள்ளி பாதியாகக் குறைந்ததும் அவன் தழல் பெருகட்டும்; முன்பு பலித்த உத்தி இனிப் பலியாதிருக்கட்டும். சூரசங்காரத்தில் தலை மாறுவதும் இதுவே.

4. இரக்கத்தால் அவனை மெலிய வைக்காதீர்கள். இதுவே மிகக் கடினமானது. பிள்ளைகள் தோற்கும் நிலையில் நம் கை பகடையை மறைத்துப் பொய் சொல்ல விழையும். வகுப்பிலும் இதே சோதனை நமக்கு உண்டு. விடையின் பாதியை நாமே சொல்லிக் கொடுத்துவிட்டு, மாணவன் சொன்னதாகக் கணக்கில் எழுதுகிறோம். பிள்ளைக்கு அது தெரியும். தெரிந்தபின் அந்த வெற்றியில் அவனுக்கு மகிழ்ச்சி இராது. அரக்கன் முழு வலிமையோடு நிற்கட்டும். ஆனால், பின்வாங்கவும் மீண்டும் திட்டமிடவும் வழி திறந்திருக்கட்டும். பானுகோபனின் படைக்கலத்தால் வீரவாகுவே மயங்கி வீழ்ந்ததைக் கந்தபுராணம் மறைக்கவில்லை. வீழ்ந்தவர் எழுந்து மறுபடியும் போருக்குப் போனார்கள்.

நடத்துநர் அரக்கனின் குரல். அரக்கனின் கட்சிக்காரர் அல்லர். பிள்ளைகளை வென்று மகிழ்பவர் இந்த இருக்கைக்குத் தகுதியற்றவர். வெல்ல வைத்தே தீருவேன் என்பவரும் அப்படியே.

இதனால் தமிழுக்கு என்ன பயன் என்கிறீர்களா? ஒரு சிறு கணக்கைப் பாருங்கள். இரண்டு பகடைகளை உருட்டி 8 அல்லது அதற்கு மேல் வந்தால் அடி விழும் என்று வைப்போம். 36 வாய்ப்புகளில் 15 மட்டுமே பலிக்கும். தான் செய்வதைத் தெளிவான தமிழில், முழு வாக்கியத்தில் விவரிக்கும் மாணவனுக்கு 2 புள்ளிகளைக் கூட்டிக் கொடுங்கள். இப்போது 26 வாய்ப்புகள் பலிக்கும். 'அடிக்கிறேன்' என்பவனை விட, 'ஈரச் சாக்கைப் போர்த்திக்கொண்டு அவன் இடப்பக்கமாகத் தாழ்ந்து பாய்கிறேன்' என்பவன் வெல்வான். சொல்லுக்கு வலிமை உண்டு என்பதை எந்தச் சொற்பொழிவும் இவ்வளவு விரைவாகப் பிள்ளைக்கு உணர்த்தாது.

யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் கைவிடப்பட்டது. தேர்வுத்தாளுக்காகவே மொழியைப் பயிற்றும் கட்டாயம் நீங்கியது. கேட்டல், பேச்சுத் திறன்களுக்கு இனியும் இடம் தராமல் இருக்க நமக்கு என்ன சாக்கு? இரண்டு பகடைகள், ஒரு தாள், ஒரு பென்சில். செலவு அவ்வளவே. வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளை போதும். வீட்டில் பெற்றோரும் நடத்தலாம். திறன்பேசியில் தனியே அரக்கனைச் சுடும் பிள்ளை, உங்கள் குரலில் பேசும் அரக்கனை எதிர்க்க மேசைக்கு வருவான்.

கந்தபுராணத்தில் சூரன் அழிந்தொழியவில்லை. மயிலாகவும் சேவலாகவும் மாறி முருகனோடு நின்றுவிட்டான். வலிய பகையைச் சந்தித்து, எண்ணி, பேசி, வென்ற பிள்ளைக்கு அந்த மாற்றத்தின் பொருள் விளங்கும். அடுத்த முறை 272 படிகளில் ஏறும்போது அந்த வேலை அவன் புதிதாகப் பார்ப்பான்.

முயன்று பாருங்கள். உங்கள் கருத்துகளையும் எழுதுங்கள்.