எல்லைப்புறக் குறிப்புகள்: எந்தப் பக்கம் உட்காருவது?



சென்ற திங்கள் நம் சங்கக் கூட்டம் முடிந்த பின், திண்ணையில் ஒரு சிறு வாக்குவாதம் எழுந்தது. அன்பர் ஒருவரின் மகள் பாலக்காட்டுக் கல்லூரி ஒன்றின் கூடைப்பந்துக் குழுவில் ஆடுகிறாள். அக்குழு கோயம்புத்தூர்க் கல்லூரி ஒன்றை எதிர்த்து, அவர்களுடைய அரங்கிலேயே ஆடவிருந்தது. "நாமெல்லோரும் போய் ஊக்கமளிப்போம்" என்றார் தந்தையார். "தமிழ்நாட்டுக் கல்லூரிக்கு எதிராகத் தமிழர்களாகிய நாமே கைதட்டுவதா?" என்று கேட்டார் முதியவர் ஒருவர். எவரும் உடனே விடை கூறவில்லை.

இத்தகைய சங்கடம் நமக்குப் புதியதன்று. 2018 ஜனவரியில் சென்னையில் நடந்த தேசியக் கூடைப்பந்துப் போட்டியில், கேரளப் பெண்கள் ரயில்வே அணியை வென்று பட்டம் பெற்றனர். நமக்குச் சோறிடுவது ரயில்வே, குடியிருப்பது கேரளம், ஆட்டம் நடந்ததோ தமிழகம்! மறுநாள் அலுவலகத்தில் மகிழ்வதா வருந்துவதா என்றறியாது பேரேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தோம்.

எனினும், ஐந்து குடும்பத்தார் புறப்பட்டோம். முதியவரும் கட்டுச்சோற்றுடன் வந்து சேர்ந்தார். கஞ்சிக்கோடு, வாளையாறு, எட்டிமடை, மதுக்கரை, போத்தனூர் எனக் கோவை வரை நாம் அறியாத நிலையம் இல்லை. 1956 நவம்பர் 1-க்கு முன்னர் மலபார் மாவட்டமும் கோவையும் ஒரே சென்னை ராஜ்யத்தில் இருந்தவை. இன்று வாளையாற்றைக் கடந்தால் வேறு மாநிலம்.

அரங்கின் வாயிலில் ஒருவர், "எந்த ஊருங்க?" என்று வினவினார். பாலக்காடு என்றோம். "அப்படியானால் மலையாளத்தார் பக்கம் போங்க" என்று கோடியிலிருந்த நான்கு பலகைகளைக் காட்டினார். பாலக்காட்டுக் கடைத்தெருவில் நம்மைப் 'பாண்டிக்காரர்' என்பார்கள். கோவையில் மலையாளத்தார் ஆனோம்! முதியவர் வாய்விட்டுச் சிரித்தார்.

ஆட்டம் தொடங்கியது. உள்ளூர் மாணவர்களின் மேளவொலியில் நம் குரல் நமக்கே கேட்கவில்லை. இடைவேளையில் அவர்களுள் ஒருவன் நம் பேச்சைக் கேட்டு அருகில் வந்தான்.

"ஏனுங்க ஐயா, தமிழ் பேசறீங்க, அப்புறம் ஏன் இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கீங்க?"

"என் மகள் இந்தப் பக்கம் ஆடுகிறாளே, தம்பி" என்றார் தந்தையார்.

அவன் சற்று நின்றான். "அது நியாயந்தானுங்க" என்று சொல்லிச் சென்றான். சென்றவன் முன்னிலும் பலமாக மேளம் கொட்டினான். அதுவும் நியாயமே. ஆட வந்தவர்களிடம் இரக்கம் காட்டுவது மரியாதையாகாது.

இறுதி நிமிடத்தில் நம் பெண்ணுக்கு இரண்டு தடையிலா வீச்சுகள் கிடைத்தன. பலகையிலிருந்து 4.6 மீட்டர் தூரத்தில் தன்னந்தனியாக நின்றாள். வளையத்தின் பின்னே நூறு கைகள் அசைந்தன. முதற்பந்து வளையத்தில் பட்டு வெளியே விழுந்தது. இரண்டாவது உள்ளே சென்றது. ஒரு புள்ளியில் தோற்றோம். அந்தப் பெண்ணோ கண்களைத் துடைத்துக்கொண்டு, எதிரணியினர் ஒவ்வொருவருக்கும் கைகொடுத்தாள். அப்பொழுது முதலில் எழுந்து நின்று கைதட்டியவர் யார் என்கிறீர்கள்? திண்ணையில் வாதாடிய அம்முதியவரே!

1891-இல் அமெரிக்காவில் நெய்ஸ்மித் என்னும் ஆசிரியர் பழக்கூடைகளைப் பத்தடி உயரத்தில் மாட்டி இவ்வாட்டத்தைத் தொடங்கினார். வளையம் இன்றும் அதே உயரத்தில்தான் இருக்கிறது. கோவையிலும் பாலக்காட்டிலும் அதில் ஓர் அங்குல வேறுபாடும் இல்லை. ஊர்ப்பெயரும் கூச்சலுமே மாறுகின்றன.

மூணாற்றிலும் பீருமேட்டிலும் வாழும் அன்பர்களுக்கும் நாம் கூறிக்கொள்வது இதுவே. நம் பிள்ளைகள் தாம் பயிலும் பள்ளிக்காகவும் கல்லூரிக்காகவும் ஆடுவார்கள். அதனால் தாய்மொழிக்குக் குறைவு வந்துவிடாது. அவர்கள் அயலூர் அரங்கில் நிற்கும்போது, கோடியில் நான்கு பலகைகளாவது நம்மவரால் நிறைந்திருக்க வேண்டும். எந்த மொழியில் கூவினால் என்ன? நம் குரல் குழந்தைக்குத் தெரியும்.