அப்பாவின் பத்மினியும் என் இத்தாலிய ஆசையும்

"இதுல பாப்பாவோட சீட்டை எங்கே மாட்டுவீங்க?"

ஆல்ஃபா ரோமியோ 164 ஒன்றின் விற்பனை விளம்பரத்தைக் காட்டியதும் மனைவி கேட்ட முதல் கேள்வி இது. விலையைக்கூட அப்புறம்தான் கேட்டாள்.

இந்த ஆசை எனக்கு லண்டன்ல வந்தது இல்லைங்க. மதுரையில அப்பா வைத்திருந்த பிரீமியர் பத்மினியில ஆரம்பிச்சது. ஃபியட் 1100-ஐத்தான் பம்பாயில் அந்தப் பெயரில் தயாரித்தார்கள். 1,089 சிசி இன்ஜின், ஸ்டியரிங் பக்கத்திலேயே கியர். அதை இத்தாலிய காரா நாம யாரும் நினைச்சதே இல்லை. 2023 அக்டோபரில் மும்பையின் கடைசி பத்மினி டாக்சி ஓய்வு பெற்றபோதுதான் அதன் அருமை பலருக்கும் தெரிஞ்சது.

இங்கேயும் கிட்டத்தட்ட அதே கதை. 1980 வாக்கில் லான்சியா பீட்டா துருப்பிடித்து பிரிட்டனில் பெரிய சர்ச்சையானது. அந்தக் கெட்ட பெயர் மற்ற இத்தாலிய கார்கள் மேலும் ஒட்டிக்கிச்சு. 1994-ல் லான்சியா இந்த நாட்டை விட்டே போயிருச்சு. அதே வயசு பிஎம்டபிள்யூ, மெர்சிடிஸுக்கு வர்ற கூட்டம் 164-க்கு வருவதில்லை. இத்தனைக்கும் அது பினின்ஃபரீனா வடிவமைப்பு. வி6 இன்ஜினின் சத்தத்தைக் கேட்டவங்க மறக்க மாட்டாங்க.

ஆனா வாங்குற விலை குறைவுங்கிறதால வெச்சுக்கிற செலவும் குறைவுன்னு நினைச்சிடாதீங்க. டைமிங் பெல்ட் மாத்தினதுக்கு ரசீது இல்லைன்னா, அந்தச் செலவையும் விலையோட கூட்டிக்கணும். இப்படிப்பட்ட பழைய பெட்ரோல் கார் லண்டன்ல ஓடுற ஒவ்வொரு நாளும் யூலெஸ் கட்டணம் 12.50 பவுண்டு. 40 வயசு தாண்டி, ஹிஸ்டாரிக் வகைக்குப் பதிவை மாற்றினால்தான் அதிலிருந்து விலக்கு. 164 அறிமுகமானது 1987-ல். அதனால முதல் வண்டிகளே இப்போதான் அந்த வயசை நெருங்குது.

மனைவியின் கேள்விக்கு வருவோம். 164-ல ஐசோஃபிக்ஸ் கிடையாது. பின் சீட் பெல்ட்டால் கட்டுற குழந்தை இருக்கை வாங்கணும். இன்னும் பழைய, பெல்ட்டே இல்லாமல் தயாரான கார்களில் 3 வயதுக்குட்பட்ட குழந்தையை ஏற்றவே கூடாது. 3 வயசு தாண்டினவங்க பின் சீட்ல மட்டும் உட்காரலாம். இதுதான் சட்டம். அப்பா பத்மினியில நாங்க அஞ்சு பிள்ளைங்க ஒருத்தர் மடியில ஒருத்தர் உட்கார்ந்து அழகர்கோவில் போனதெல்லாம் இங்கே கதைக்குத்தான் ஆகும்.

வீடியோ காலில் அப்பாகிட்ட சொன்னேன். "பெயிண்ட்டைப் பார்த்து மயங்காதேப்பா. கதவுக்குக் கீழே கையை விட்டுத் தடவிப் பாரு. அங்கே துரு இருந்தா திரும்பிப் பார்க்காம வந்துடு"ன்னார். அரசு இணையதளத்தில் வண்டி எண்ணைப் போட்டால் பழைய எம்.ஓ.டி. முடிவுகள் இலவசமா வரும். பார்த்தேன். மூணு வருஷமா எழுதியிருக்காங்க: கதவுக்குக் கீழே துரு!

அந்த வண்டியை விட்டாச்சு. ஆசையை விடலை. இன்னொரு 164 கண்ணுல பட்டிருக்கு; அதோட எம்.ஓ.டி. சுத்தமா இருக்கு. வர்ற சனிக்கிழமை, பெல்ட்டில் கட்டுற இருக்கை ஒண்ணை நண்பர்கிட்ட இரவல் வாங்கிக்கிட்டு, மூணு பேருமா பார்க்கப் போறோம். சீட் சரியா உட்கார்ந்தாத்தான் விலை பேசணும்னு மனைவி உத்தரவு.