மிதிவண்டியில் வருபவன் யார்?

சென்ற மாதம் ஒரு மாலைப்பொழுது. போளூரிலிருந்து ஜமுனாமரத்தூர் செல்லும் சாலையில் மோட்டார் சைக்கிள் ஒன்று, மிதிவண்டியில் வந்த இளைஞனை இடித்துத் தள்ளியது. கட்டட வேலைக்காக பீகாரிலிருந்து வந்தவன். முழங்கையில் இரத்தம் வழிய எழுந்தவன், இடித்தவரைப் பார்த்துக் கைகூப்பினான். "இவனுங்க வந்ததிலிருந்து ரோட்டுல போக முடியல" என்றார் கூட்டத்தில் ஒருவர். தவறு யாருடையது என்று எவரும் கேட்கவில்லை. அருகில் நின்ற நானும் கேட்கவில்லை. அந்த மௌனம் உறுத்தியதால்தான் இதை எழுதுகிறேன்.

நகரங்களில் மிதிவண்டி பெருக வேண்டும் என்று நெடுநாளாகப் பேசிவருகிறோம். நடப்போருக்கும் மிதிவண்டி ஓட்டுவோருக்கும் முதன்மை தரும் கொள்கையைச் சென்னை மாநகராட்சி 2014இல் ஏற்றது. கைப்பேசிச் செயலி வழியே எடுத்து ஓட்டும் வாடகை மிதிவண்டிகள் 2019இல் அங்கு வந்தன. நெதர்லாந்தில், குடியேறிய பெண்களுக்கு மிதிவண்டி கற்பிக்க வகுப்புகளே நடக்கின்றன. இங்கே நிலைமை நேர்மாறானது. வெளிமாநிலத்திலிருந்து வந்த தொழிலாளி யாரும் சொல்லாமலே மிதிவண்டியில் செல்கிறான். அதை விட்டு இறங்கியவர்கள் நாம்தான். நாம் கைவிட்ட பழைய வண்டியைக் குறைந்த விலைக்கு வாங்கி, விளக்கில்லாமல், நெடுஞ்சாலையின் ஓரத்து மண்ணில் அவன் ஓட்டிச் செல்கிறான்.

மிதிவண்டியின் மதிப்பு அதை ஓட்டுபவரைப் பொறுத்து மாறுவதை நாம் கவனிப்பதில்லை. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை அறிவொளி இயக்கத்தில் கிராமத்துப் பெண்கள் மிதிவண்டி கற்றபோது அதை விடுதலை என்று கொண்டாடினோம். 2001இல் தொடங்கிய விலையில்லா மிதிவண்டித் திட்டத்தைக் கல்விக்கான துணை என்றோம். ஞாயிறு காலையில் தலைக்கவசம் அணிந்தவர் ஓட்டினால் உடல்நலம் என்கிறோம். அதே வண்டியில் ஒரு வடமாநிலத் தொழிலாளி வந்தால் மட்டும் அது இடைஞ்சல் ஆகிவிடுகிறது.

2023 மார்ச்சில், தமிழகத்தில் பீகார்த் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் போலிக் காணொளிகள் பரவின. பலர் அஞ்சி ஊர் திரும்பினர். வதந்தி பொய்தான். ஆனால் அதை அவர்கள் உடனே நம்பியது ஏன்? சாலையிலும் கடையிலும் அன்றாடம் பெறும் ஏளனம் அந்த நம்பிக்கைக்கு நிலத்தைப் பண்படுத்தி வைத்திருந்தது என்றே கருதுகிறேன்.

இதைப் புரிந்துகொள்ள எங்கள் ஊர்க்காரர்கள் வேறெங்கும் போக வேண்டியதில்லை. ஜவ்வாது மலையிலிருந்து இறங்கிப் பிழைப்புக்காக வெளிமாநிலம் செல்லும் குடும்பங்களைப் போளூர்ப் பேருந்து நிலையத்தில் மூட்டைகளோடு காணலாம். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் வனத்தில் ஆந்திரக் காவல்துறையினர் சுட்டுக் கொன்ற இருபது பேரில் பலர் எங்கள் மாவட்டத்தினர். 'மரம் கடத்தியவர்கள்' என்ற ஒற்றைச் சொல்லில் அவர்களை அடக்கியபோது நாம் கொதித்தோம். அது நியாயமான கொதிப்பு. 'இவனுங்க' என்பதும் அப்படிப்பட்ட ஒற்றைச் சொல்தானே?

மிதிவண்டிக்குத் தனிப்பாதை வேண்டும். தொழிற்பேட்டைச் சாலைகளில் விளக்கு வேண்டும். அவற்றைக் கேட்கும்போது, ஏற்கெனவே ஓட்டிக்கொண்டிருப்பவனையும் சேர்த்துக் கேட்போம். அவனுக்கு மரியாதை இல்லாத சாலையில் நம் பிள்ளைகள் மிதிவண்டி ஏற விரும்பமாட்டார்கள்.

அந்த இளைஞன் கோணிய கைப்பிடியை நிமிர்த்திக்கொண்டு இருட்டில் போய்விட்டான். அவனிடம் கேட்க வேண்டிய மன்னிப்பு இன்னும் என்னிடமே இருக்கிறது.