தவிட்டைத் தள்ளிவிட்டு மாத்திரையைத் தேடுகிறோம்

மாட்டுக்கும் கோழிக்கும் போட்ட தவிட்டுக்கு இப்போது யோகம் அடித்திருக்கிறது. அரிசித் தவிட்டிலிருந்து பிரித்தெடுத்த அராபினோசைலான் என்னும் நார்ப்பொருளை மாத்திரையாகவும் தூளாகவும் அடைத்து, நோயெதிர்ப்புச் சக்தியைப் பெருக்கும் என்று விற்கிறார்கள். கொவிட் காலத்துக்குப் பின்னர் இத்தகைய பொருட்களுக்கு மவுசு கூடிவிட்டது. புலம்பெயர்ந்த பிள்ளைகள் பண்டாரவளையில் இருக்கும் பெற்றோருக்கு இவற்றை வாங்கி அனுப்புவதையும் நான் அறிவேன். அந்த அன்பை நான் குறைசொல்லவில்லை. அன்பை முதலாக்கி நடக்கும் வியாபாரத்தையே சாடுகிறேன்.

அறிவியல் சொல்வது என்ன? ஷிடேக் காளானின் நொதிகளால் பக்குவப்படுத்தப்பட்ட எம்.ஜி.என்.-3 என்ற தவிட்டுப் பொருள், இரத்தத்திலுள்ள இயற்கைக் கொல்லிச் செல்களின் செயற்பாட்டை உயர்த்துவதாகச் சில ஆய்வுகள் கூறின. பெரும்பாலும் சிறிய ஆய்வுகள். பரிசோதனையில் ஓர் அளவு உயர்ந்தது என்பது வேறு, நோய் நீங்கியது என்பது வேறு. இதைப் புற்றுநோய்க்கும் எச்.ஐ.வி. தொற்றுக்கும் மருந்தென விற்ற அமெரிக்க நிறுவனத்துக்கு 2004இல் நியூ ஜெர்சி நீதிமன்றம் தடை விதித்தது.

பத்திரிகை மேசையில் பல்லாண்டு இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: இத்தகைய விளம்பரங்கள் செய்தி வேடமிட்டே வரும். 'ஆய்வாளர்கள் கண்டறிந்துள்ளனர்' என்று படித்ததும், எத்தனை பேரிடம், எதனோடு ஒப்பிட்டு, யாருடைய பணத்தில் என்று கேளுங்கள். பாதிச் செய்தி அங்கேயே உதிர்ந்துவிடும்.

தவிட்டின் மெய்யான பெருமை வேறிடத்தில் இருக்கிறது. 1890களில் ஜாவாவில் டச்சு மருத்துவர் ஐக்மன், தீட்டிய அரிசியை மட்டும் தின்ற கோழிகள் நரம்புத் தளர்ச்சியால் விழுவதையும், தவிடு சேர்ந்ததும் எழுவதையும் கண்டார். பெரிபெரி நோயின் மர்மம் அவிழ அதுவே வழிவகுத்தது. 1929இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. கோழிகளைக் காத்தது மாத்திரையன்று. உணவிலிருந்து நீக்கியது மீண்டும் உணவில் சேர்ந்ததே.

இனி நம் மலைக்கு வருவோம். பூனாகலையிலும் அப்புத்தளையிலும் லயத்து அடுப்பில் வேகும் ரொட்டி வெள்ளைக் கோதுமை மாவால் ஆனது. திருகோணமலையில் 1980இல் இயங்கத் தொடங்கிய பிரிமா ஆலையின் ஆரம்ப ஒப்பந்தத்தில், அரைப்புக் கூலிக்கு ஈடாகத் தவிட்டை ஆலையே எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு இருந்தது. மா நமக்கு, தவிடு கூலிக்கு!

2016ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரக் கணக்கெடுப்பின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமற்றோர் நாடு முழுவதும் சுமார் 17 வீதம்; தோட்டப்புறத்தில் சுமார் 32 வீதம். இது தவிடின்மையால் மட்டும் விளைந்ததென்று நான் சொல்லவில்லை. வறுமை, தாயின் போசாக்கின்மை, சுத்தமான நீரின்மை எல்லாம் இதில் உண்டு. தவிட்டிலும் இரும்புச்சத்து உடலில் சேர்வதைத் தடுக்கும் பொருள் உள்ளது. ஆகவே முழுத்தானியத்தோடு பருப்பும் முட்டையும் கீரையும் தட்டில் இருக்க வேண்டும்.

நான் கேட்பது இவ்வளவே. தோட்டத்துக் கூட்டுறவுக் கடையில் ஆட்டா மாவும் குரக்கன் மாவும் தவிடு நீக்காத சிவப்பரிசியும் வெள்ளை மாவின் விலைக்கே கிடைக்கட்டும். கிளினிக்கில் தாய்மாருக்குரிய திரிபோஷ தடையின்றிக் கிடைக்கட்டும். இவற்றை வாங்கியுண்ணப் போதிய சம்பளமும் கிடைக்கட்டும். வெளிநாட்டுப் பிள்ளைகளே, மாத்திரைக்கு அனுப்பும் பணத்தில் அம்மாவுக்குச் சிவப்பரிசியும் பயறும் முட்டையும் வாங்கிக் கொடுங்கள்.