பன்னீருக்கு இல்லாத வரி அரிசிக்கு ஏன்?

'எங்க வரிப்பணத்துல படிக்கிறீங்க.' விடுதியிலும் வகுப்பிலும் இந்த வசனத்தைக் கேட்காத தலித் மாணவர் நம்மில் அநேகமாக யாரும் இல்லை. சொல்கிறவரின் கணக்கில் வரி என்றால் வருமான வரி மட்டும்தான். நம் அம்மாக்கள் மாலையில் கூலி வாங்கிக்கொண்டு கடைக்குப் போய், அரிசி பாக்கெட்டோடு சேர்த்துக் கட்டிவிட்டு வரும் வரி அவர் கண்ணுக்குத் தெரிவதில்லை. கடைக்கார அண்ணாச்சி அதற்கு ரசீதும் தருவதில்லை.

2022 ஜூலை 18 முதல் பொட்டலமிட்டு லேபிள் ஒட்டிய அரிசி, கோதுமை மாவு, பருப்பு, தயிர் ஆகியவற்றுக்கு 5% ஜிஎஸ்டி. அதற்கு முன்பு பிராண்டு பெயருள்ள சரக்குக்கு மட்டும்தான் தானிய வரி இருந்தது. பெரிய கம்பெனிகள் பிராண்டு உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதிக் கொடுத்து வரியிலிருந்து தப்பித்தன, அந்த ஓட்டையை அடைக்கவே இந்த மாற்றம் என்றது ஒன்றிய அரசு. ஓட்டை இருந்தது உண்மைதான். ஆனால் அதை அடைக்கிறேன் என்று உள்ளூர் அரிசி ஆலையின் பெயர் தெரியாத சிப்பத்தின் மீதும் வரி போட்டார்கள். ஏய்த்தவன் கம்பெனிக்காரன், அபராதம் சோறு தின்கிறவனுக்கு.

இதில் ஒரு விதியைக் கவனியுங்கள் தோழர்களே. வரி 25 கிலோ வரைதான். அதற்கு மேல் எடையுள்ள மூட்டைக்குக் கிடையாது. அதனால்தான் 26 கிலோ மூட்டைகள் சந்தைக்கு வந்தன. அரிசி கிலோ 60 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 26 கிலோவுக்கு 1,560 ரூபாயை மொத்தமாக எடுத்து வைப்பவர் ஒரு பைசா வரி கட்ட வேண்டாம். ஐந்து கிலோ பாக்கெட் வாங்குகிறவர் 300 ரூபாய்க்கு 15 ரூபாய் கட்ட வேண்டும். அன்றாடக் கூலியில் யாரால் 26 கிலோ வாங்க முடியும்? சில்லறையாக அளந்து வாங்கினால் வரி இல்லை என்பார்கள். அண்ணாச்சி 25 கிலோ சிப்பத்தைப் பிரித்து அளந்தால், அவர் ஏற்கெனவே கட்டிய வரி அந்த விலைக்குள்தான் உட்கார்ந்திருக்கிறது.

'ரேஷனில் அரிசி இலவசம்தானே?' இதுவும் தவறாமல் வரும் கேள்வி. (அந்த இலவசத்தைக் கிண்டல் செய்கிறவரும் இவர்தான்.) ரேஷன் அரிசி நமக்கு உயிர், அதை விட்டுக்கொடுக்க மாட்டோம். ஆனால் அது மாதம் முழுக்கப் போதாத வீடுகள் உண்டு. கார்டு ஊரில் இருக்க, ஆள் வெளியூர்க் கட்டட வேலையில் இருக்கும் குடும்பங்கள் உண்டு. ஒரு கிலோ துவரம்பருப்பும் ஒரு லிட்டர் பாமாயிலும் எத்தனை நாளைக்கு வரும்? மீதியைக் கடையில்தானே வாங்குகிறோம்?

1927இல் பம்பாய் சட்டமன்றத்தில் அண்ணல் அம்பேத்கர் வரவு செலவுத் திட்டத்தின் மீது பேசினார். ஒரு ஏக்கர் வைத்திருப்பவனுக்கும் நூறு ஏக்கர் வைத்திருப்பவனுக்கும் ஒரே விகிதத்தில் நிலவரி விதிப்பது என்ன நியாயம் என்று கேட்டார். அவர் பொருளாதாரம் படித்தவர் என்பதைச் சிலைக்கு மாலை போடுகிறவர்கள் மறந்துவிடுகிறார்கள். அந்தக் கேள்வியில் நிலத்துக்குப் பதில் அரிசியை வைத்துப் பாருங்கள். மாதம் பத்தாயிரம் வருகிற வீட்டில் அரிசி, பருப்புக்குப் போகும் பங்கும், இரண்டு லட்சம் வருகிற வீட்டில் போகும் பங்கும் ஒன்றா? விகிதம் மட்டும் இருவருக்கும் 5%.

விவசாய வருமானத்துக்கு ஒன்றிய அரசின் வருமான வரி கிடையாது. நூறு ஏக்கர்காரர் நெல் விற்ற பணத்துக்கு வரி இல்லை. அதே வயலில் நாற்று நட்ட நிலமற்ற பெண், அந்த நெல் அரிசியாகிப் பாக்கெட்டில் வந்தால் வரி கட்டி வாங்க வேண்டும். இதைச் சாதியைத் தவிர்த்து எப்படிப் பேசுவது?

வரியை நீக்கினால் வருவாய் போய்விடுமாம். 2019இல் கம்பெனி வரியை 30 சதவீதத்திலிருந்து 22 ஆகக் குறைத்தபோது ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி ரூபாய் குறையும் என்று அரசே கணக்குச் சொன்னது. அப்போது யாரும் கஜானாவை நினைத்துக் கண்ணீர் விடவில்லை. சொத்து வரியை 2015 பட்ஜெட்டில் ஒழித்தபோதும் அப்படித்தான். 2025 செப்டம்பர் 22 முதல் பாக்கெட் பன்னீருக்கு வரி பூஜ்யம் ஆகிவிட்டது. பாக்கெட் அரிசி அதே 5 சதவீதத்தில் நிற்கிறது.

டெல்லியை மட்டும் திட்டிவிட்டு நாம் வீட்டுக்குப் போக முடியாது. இந்த ஐந்தில் பாதி, 2.5%, மாநில அரசுக்கு வருகிறது. ஜிஎஸ்டி மன்றத்தில் மாநிலங்களுக்கு மூன்றில் இரண்டு பங்கு வாக்கு உண்டு. முடிவெடுக்க முக்கால் பங்கு வேண்டும் என்பதால் ஒன்றிய அரசை மீறி வரியை நீக்க முடியாது, சரி. தீர்மானமாக வைத்துப் பதிவு செய்யலாமே? சமூகநீதி பேசும் அரசு தன் பங்கான 2.5 சதவீதத்தை வேண்டாம் என்று சொல்லுமா? இந்தக் கேள்வியை உங்கள் தொகுதிச் சட்டமன்ற உறுப்பினரிடம் எழுத்தில் கொடுங்கள், பதிலையும் எழுத்தில் கேளுங்கள். கூடவே ஐந்து கிலோ பாக்கெட்டின் ரசீது ஒன்றை இணையுங்கள்.